காற்றால் குளிரும் கார் எஞ்சினும் அதன் மூச்சுக்குழாயும்

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் வைத்திருப்பவர்கள் எங்கே கூடினாலும் பேச்சு இரண்டு விஷயங்களில் வந்து நிற்கும். ஒன்று, எஞ்சின் சூடு. இன்னொன்று, ஆயில் ஒழுக்கு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் பேக்கிங்கையும் ஸீலையும்தான் குறை சொல்வார்கள். புது பேக்கிங் போடுவார்கள், ஒரு மாதம் காய்ந்திருக்கும், மறுபடி ஒழுகும். ஓட்டை இருப்பதால் மட்டும் ஆயில் வெளியே வந்துவிடாது. உள்ளேயிருந்து ஏதோ ஒன்று அதைத் தள்ள வேண்டும். அந்தத் தள்ளலைப் பற்றியும், அதைத் தணிக்கும் 'கிராங்க்கேஸ் பிரீதர்' என்ற மூச்சுக்குழாயைப் பொருத்துவது பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

கடைசி பீட்டில் 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் புவெப்லா தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதுவரை செய்யப்பட்டவை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல். பிரேசிலில் தயாரான கோம்பி வேனில் காற்றால் குளிரும் எஞ்சின் 2005 கடைசி வரை இருந்தது. ஆகவே இவை இன்னும் நிறையப் பேர் கையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களிலும் வார இறுதியில் இதில் கை கறுக்க உட்காருபவர்கள் உண்டு. உதாரணங்களைப் பீட்டிலின் 1600 எஞ்சினை வைத்தே சொல்கிறேன்.

வாயு எங்கிருந்து வருகிறது?

பெட்ரோலும் காற்றும் எரியும்போது பிஸ்டனுக்கு மேலே வளிமண்டலத்தைப் போலப் பல பத்து மடங்கு அழுத்தம் உண்டாகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் இதைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஆனால் வளையத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு சிறு இடைவெளி இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடித்துவிடும். அந்த இடைவெளி வழியாகக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே நழுவி கிராங்க்கேஸுக்குள் இறங்கும். எரியாத பெட்ரோல் கலவை, எரிந்த புகை, நீராவி மூன்றும் அதில் இருக்கும்.

தண்ணீரால் குளிரும் எஞ்சினை விட இந்த வகையில் இது சற்று அதிகம். சிலிண்டர் வெப்பம் இங்கே அதிகமாக ஏறி இறங்குவதால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விடும் இடைவெளியும் அதிகம். ஒருமுறை அளவு மீறிச் சூடேறினால் வளையங்களின் விறைப்பும் போய்விடும்.

நீராவியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விட்டாலும் நழுவி இறங்கும் பங்கு ஆயிலில் வந்து சேர்கிறது. குளிர்நாட்டில், கடைக்குப் போய்வரும் ஐந்து நிமிட ஓட்டத்தில் ஆயில் சூடாவதே இல்லை. ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தால் உட்புறம் வெளிர்மஞ்சளாக, வெண்ணெய் திரண்டாற்போல் ஒட்டியிருப்பது இந்தத் தண்ணீரும் ஆயிலும் கடைந்து வந்ததுதான்.

வெளியே விடாவிட்டால்?

அழுத்தம் கூடினால் முதலில் தோற்பது பின்பக்கத்துப் புல்லி. பீட்டில் எஞ்சினில் அந்த இடத்தில் ரப்பர் ஸீல் கிடையாது. ஆயிலை எற்றி எறியும் ஒரு தட்டும், புல்லியின் கழுத்தில் திருகுபோல் வெட்டிய ஒரு பள்ளமும் மட்டுமே. புல்லி சுழலும்போது திருகு ஆயிலை உள்பக்கமாகவே திருப்பி அனுப்பும். எளிமையான, தேயாத ஏற்பாடு. ஆனால் உள்ளே அழுத்தம் ஏறினால் அந்தத் திருகால் எதிர்த்து நிற்க முடியாது. புல்லியைச் சுற்றி ஆயில் தெறித்திருந்தால் புல்லியை மாற்றுவதற்கு முன் மூச்சுக்குழாயைப் பாருங்கள்.

அடுத்தது புஷ் ராட் குழாய்கள். சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருப்பதால், தலைப்பகுதிக்குப் போன ஆயில் ஒவ்வொரு பக்கமும் நான்கு குழாய்கள் வழியாகத்தான் கிராங்க்கேஸுக்குத் திரும்ப வேண்டும். அதே குழாய் வழியே வாயு எதிர்த்து வந்தால் ஆயில் திரும்புவது தாமதமாகும். இந்த எஞ்சினில் இருக்கும் மொத்த ஆயிலே சுமார் 2.5 லிட்டர்தான். தலையில் அரை லிட்டர் மாட்டிக்கொண்டாலும் கீழே ஆயில் பம்ப்புக்குத் திண்டாட்டம்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது. எஞ்சின் அறைக்குள் பரவும் ஆயில் ஆவியைக் குளிர்விக்கும் விசிறி உறிஞ்சிக்கொள்ளும். சிலிண்டரின் செதில்களிலும், விசிறிக் கூட்டுக்குள் இருக்கும் ஆயில் கூலரிலும் அது படியும், அதன் மேல் தூசி ஒட்டும், காற்றோட்டம் குறையும். 1971 மாடலுக்கு முந்தியவற்றில் ஆயில் கூலர் 3-ஆம் சிலிண்டருக்கு நேர் மேலே நிற்கிறது. ஏற்கெனவே சூடான காற்றை வாங்கும் அந்தச் சிலிண்டருக்கு இது இன்னொரு அடி. ஆயில் ஒழுக்கில் ஆரம்பித்தது எஞ்சின் சூட்டில் போய் முடியும்.

காருக்குள் வரும் சூடான காற்றும் இதே விசிறியிலிருந்துதான் வருகிறது. 1960களின் தொடக்கம் வரை வந்த மாடல்களில் சிலிண்டர்களைக் குளிர்வித்த காற்றே உள்ளே வந்தது. பின்னர் வந்தவற்றில் அது புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள் புகுந்து சூடாகி வருகிறது. எப்படியானாலும் விசிறி உறிஞ்சுவதைத்தான் பின் இருக்கையில் இருக்கும் குழந்தையும் சுவாசிக்கிறது. ஹீட்டர் போட்டதும் ஆயில் நாற்றம் வருகிறது என்றால் அது பழைய காரின் 'இயல்பு' அல்ல.

எல்லா எஞ்சினும் ஒரே மாதிரி மூச்சு விடுவதில்லை

வளையங்கள் வழியே நழுவும் வாயு ஒருபுறம் இருக்க, பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதால் கிராங்க்கேஸுக்குள்ளிருக்கும் இடமே கூடிக் குறையலாம். நமக்குத் தெரிந்த ராயல் என்ஃபீல்ட் புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வார்ப்பிரும்பு 350 எஞ்சினில் ஒரே பிஸ்டன், 346 சி.சி. அது கீழே வரும்போதெல்லாம் அடியில் உள்ள காற்று 346 சி.சி. அளவுக்கு நெருக்கப்படுகிறது. அதனால்தான் அதன் பிரீதரில் வாத்து அலகு போன்ற ஒரு ரப்பர் வால்வு வைத்தார்கள். வெளியே போகும் காற்றை விடும். உள்ளே திரும்ப விடாது.

சிட்ரோயன் 2சிவி காரின் 602 சி.சி. எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராகப் படுத்திருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே வரும், ஒரே நேரத்தில் வெளியே போகும். நிமிடத்துக்கு 3000 சுற்றில், நொடிக்கு 50 முறை 602 சி.சி. இடம் சுருங்கி விரிகிறது. அதனால் அதன் பிரீதரிலும் ஒருவழி ரப்பர் வால்வு உண்டு. அது சரியாக வேலை செய்தால் கிராங்க்கேஸுக்குள் லேசான வெற்றிடம் நிலைத்து, ஆயிலை உள்ளேயே இழுத்து வைத்திருக்கும். 2சிவியில் எங்கு பார்த்தாலும் ஆயில் கசிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ரப்பரை.

பீட்டிலில் நான்கு பிஸ்டன்கள். 1-ம் 3-ம் வெளியே போகும்போது 2-ம் 4-ம் உள்ளே வருகின்றன. ஒரு ஜோடி விட்ட இடத்தை மறு ஜோடி எடுத்துக்கொள்கிறது. கிராங்க்கேஸின் மொத்த இடம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை; காற்று உள்ளுக்குள்ளேயே முன்னும் பின்னும் அலைகிறது. ஆகவே பீட்டில் மூச்சுக்குழாய் வெளியேற்ற வேண்டியது நழுவி வந்த வாயுவை மட்டுமே. புல்லட்டுக்கு நன்றாக வேலை செய்த ஒருவழி வால்வை அப்படியே இதில் கொண்டுவந்து மாட்டுவதில் பெரிய பயன் இல்லை. எந்த எஞ்சின் என்று பார்த்த பிறகுதான் எந்தப் பிரீதர் என்று கேட்க வேண்டும்.

தொழிற்சாலை செய்து கொடுத்தது

ஆரம்ப காலக் கார்கள் பலவற்றில் கிராங்க்கேஸிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கித் தரையைப் பார்த்துத் திறந்திருக்கும். கார் ஓடும்போது அடியில் விரையும் காற்று அதன் வாயிலிருந்து வாயுவை உறிஞ்சும். நின்றால் உறிஞ்சலும் நின்றுவிடும். ஊர் காற்று கெடுவதில் இந்தக் குழாய்க்கும் பங்கு உண்டு என்று தெரியவந்தது. கட்டுப்பாடு ஏதும் இல்லாத காரிலிருந்து வரும் ஹைட்ரோகார்பனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த வழியாகத்தான் வந்தது. கலிஃபோர்னியாவில் 1961 மாடல்களிலிருந்தும், அமெரிக்கா முழுவதும் 1963 மாடல்களிலிருந்தும் இந்த வாயுவை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பி எரிக்கும் ஏற்பாடு வந்தது.

பீட்டிலிலும் 1960களில் ஆயில் ஊற்றும் வாயிலிருந்து ஒரு ஹோஸ் காற்று வடிகட்டிக்குப் போனது. கார்புரேட்டர் இழுக்கும் காற்றோடு வாயுவும் சேர்ந்து எரிந்துவிடும். கீழே இறங்கும் குழாயின் முனையில் ஒரு ரப்பர் மூக்கு இருக்கும். தேங்கிய தண்ணீர் அதன் வழியே சொட்டிவிடும். சாதாரணமாக ஓட்டும், நல்ல நிலையில் உள்ள எஞ்சினுக்கு இது போதும். இந்த ஹோஸைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆயில் வாயில் காளான் போல ஒரு சின்ன ஃபில்டரை வைப்பதுதான் இரட்டைக் கார்புரேட்டர் மாட்டுபவர்கள் பலரும் செய்யும் முதல் காரியம். பார்க்க அழகு. ஆனால் மேலே சொன்ன விசிறிக்கு நேரே ஆயில் ஆவியை நீட்டுவதாகும்.

ஒரு சின்னக் கணக்கு

1600 எஞ்சினின் உண்மையான கொள்ளளவு 1584 சி.சி. நிமிடத்துக்கு 4000 சுற்றில் 2000 முறை காற்றை நிரப்புகிறது. முக்கால் பங்கு நிரம்புவதாகக் கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 2,400 லிட்டர். இதில் 1% நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம், 24 லிட்டர். தேய்ந்த எஞ்சினில் 4% என்றால் 95 லிட்டர்.

உள்விட்டம் 12 மி.மீ. உள்ள ஹோஸில் 24 லிட்டர் போனால் வாயுவின் வேகம் நொடிக்கு 3.5 மீட்டர். 95 லிட்டர் போனால் 14 மீட்டர். அதே 95 லிட்டர் 25 மி.மீ. குழாயில் போனால் 3.2 மீட்டர்தான்.

வேகமாகப் போகும் வாயு ஆயில் துளிகளைத் தூக்கிக்கொண்டு போகும். மெதுவாகப் போனால் துளிகள் தம் எடையில் கீழே விழுந்துவிடும். எனவே பெரிய குழாய் வேண்டும் என்பது அழுத்தத்தைக் குறைக்க மட்டுமல்ல, வேகத்தைக் குறைக்கவும்தான். பிரீதர் என்பது எஞ்சினில் போடும் ஓட்டை அல்ல. வாயுவையும் ஆயிலையும் பிரித்து, ஒன்றை அனுப்பி மற்றதை நிறுத்திக்கொள்ளும் இடம். இனி வருவதெல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து பிறப்பவை.

முதலில் அளந்து பாருங்கள்

தேய்ந்த வளையங்களுக்குப் பிரீதர் மருந்தல்ல. வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை மட்டுமே. ஆகவே எதையும் மாட்டுவதற்கு முன் இரண்டு சோதனைகள்.

ஒன்று, கசிவுச் சோதனை. பிஸ்டனை மேல் முனையில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைக் கொடுத்து எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. சுமார் 10%க்குள் இருந்தால் நல்லது. 20% தாண்டினால் ஆராய வேண்டும். ஆயில் வாயில் காதை வைத்தால் சீறல் கேட்கிறதா? வளையம். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட் வால்வு. பிளக் துளையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு கம்ப்ரெஷன் ஏறுகிறதா என்று பார்க்கும் பழைய முறை இங்கே சரிப்படாது. படுத்திருக்கும் சிலிண்டரில் ஆயில் அடிப்பக்கமே தேங்கும். வளையத்தை முழுக்கச் சுற்றி வராது.

இரண்டு, தண்ணீர்க் குழாய்ச் சோதனை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை 'ப' வடிவத்தைப் போல வளைத்துப் பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் விடுங்கள். கைகள் ஒவ்வொன்றும் அரை மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடக் கூடாது. உபரியாக ஒரு பழைய ஆயில் மூடியில் சிறு குழாய் பொருத்தி இதை இணைத்து, சூடான எஞ்சினை முதலில் ஐடிலிலும் பிறகு 3000 சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள். இரு கைகளின் மட்டமும் 10 செ.மீ. வித்தியாசப்பட்டால் வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு. பூஜ்யத்தை ஒட்டியோ, உள்பக்கம் லேசாக இழுத்தோ நின்றால் இருக்கும் பிரீதர் போதும். வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே போனால், ஒன்று குழாய் அடைத்திருக்கிறது, இல்லை வாயு அதிகம். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். வேலை முடிந்த பின் ஒப்பிட இது ஒன்றுதான் சாட்சி.

பொருத்தும் முறை

*ஆயில் வாய்:* வாயு வெளியேற இதுவே சிறந்த இடம், உயரமானது, அகலமானது. டைனமோவைத் தாங்கும் பீடத்துக்கு அடியில், இரண்டு பேக்கிங்குகளுக்கு நடுவே ஒரு தடுப்புத் தகடு உண்டு. கீழே சுழலும் பாகங்கள் தெறிக்கும் ஆயில் நேரே மேலேறாமல் தடுப்பது அதுதான். எஞ்சினைப் பிரித்துக் கோர்த்தவர் அதை விட்டுவிட்டிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிரீதரும் ஆயிலைக் கக்கும்.

*பெட்டி:* ஒன்று அல்லது இரண்டு லிட்டர் கொள்ளும் பெட்டி. எஞ்சின் அறையின் முன்சுவரில், ஆயில் வாயை விட உயரமாக, புகைக்குழாயை விட்டு விலக்கி மாட்டுங்கள். உள்ளே ஒன்றிரண்டு தடுப்புத் தகடுகள், அவற்றுக்கு இடையே துருப்பிடிக்காத எஃகு வலை. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் வேண்டாம். அது துருப்பிடித்து உதிரும். வாயு நுழையும் வாய் கீழே, வெளியேறும் வாய் மேலே.

*ஹோஸ்:* ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பராக இருக்கட்டும். ரேடியேட்டர் ஹோஸ் ஆயிலில் ஊறி உப்பிவிடும். எஞ்சினிலிருந்து பெட்டி வரை தொய்வில்லாமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். எங்காவது தொங்கினால் அங்கே தண்ணீர் தேங்கும். பனிக்காலத்தில் அது உறைந்தால் மூச்சுக்குழாய் முழுதாக அடைபட்டு, ஆயில் கிடைத்த வழியில் வெளியே பாயும். கனடா, நார்வே போன்ற இடங்களில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

*வடிகால்:* பெட்டியில் சேரும் ஆயிலை எஞ்சினுக்கே திருப்பலாமா? அதில் தண்ணீரும் பெட்ரோலும் கலந்திருக்கும். அடியில் ஒரு சின்னக் குழாய்த் திருகு வைத்து, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றும்போது வடித்துவிடுவதே என் சிபாரிசு.

வால்வு மூடியிலும் வேண்டுமா?

நம்மூர் மெக்கானிக்குகள் 'டாப்பெட் கவர்' என்று சொல்லும் இந்த மூடிகளிலிருந்தும் ஆளுக்கொரு ஹோஸ் எடுத்துப் பெட்டிக்குக் கொண்டுபோவது பந்தயக் கார்களில் வழக்கம். தலைப்பகுதியில் அழுத்தம் இல்லாவிட்டால் ஆயில் புஷ் ராட் குழாய் வழியே எளிதாகத் திரும்பும் என்பது அதன் நியாயம். ஆனால் வேகமாக வளைவில் திரும்பும்போது வெளிப்புறத்து மூடிக்குள் ஆயில் குவியும். அப்போது துளை தாழ்வாக இருந்தால் பிரீதர் ஆயில் குழாயாகிவிடும். கட்டாயம் வேண்டும் என்றால் துளையை மூடியின் மேல் விளிம்பில் போட்டு, உட்புறம் ராக்கர் தெறிப்பைத் தடுக்க ஒரு சிறு தகட்டைப் பற்றவைத்து, ஹோஸை நேரே மேல்நோக்கி எடுங்கள். வேலைக்கும் கடைக்கும் போய்வரும் காருக்கு இது தேவையில்லை. ஆயில் வாயும் நல்ல பெட்டியும் போதும்.

கடைசியில் வாயுவை எங்கே விடுவது?

சாலையில் ஓடும் காரானால் பெட்டியின் மேல்வாயைக் காற்று வடிகட்டிக்கே கொண்டுபோங்கள். வடிகட்டித் துணிக்கு உட்புறமாக, கார்புரேட்டருக்கு மேலே. வாயு எரிந்துவிடும், விசிறிக்கும் போகாது, ஊருக்கும் போகாது. இரட்டைக் கார்புரேட்டர் என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுக்காமல் இரண்டுக்கும் பிரித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கத்து இரண்டு சிலிண்டர்களின் கலவை மட்டும் மாறும். பல நாடுகளில் இந்த வாயுவைத் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் 1968 மாடல்களிலிருந்தே கிராங்க்கேஸ் வாயு வெளியே போகக் கூடாது என்பது விதி.

பந்தயக் கார்களில் பெட்டியைப் புகைக்குழாயோடு இணைத்து, புகையின் வேகத்தால் உறிஞ்சவைப்பதும் உண்டு. சைலன்சர் உள்ள காரில் அந்தக் குழாய்க்குள் எதிரழுத்தம் இருக்கும். உறிஞ்சுவதற்குப் பதில் ஊதிவிடும். வேண்டாம்.

பிறகு

எல்லாம் மாட்டியபின் தண்ணீர்க் குழாய்ச் சோதனையைத் திரும்பச் செய்து, முதலில் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆயில் மட்டத்தையும் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே ஊற்றினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். நுரையைப் பிரிக்க எந்தப் பெட்டியாலும் ஆகாது.

ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின் போதும் பெட்டியில் வடித்ததை ஒரு அளவு புட்டியில் ஊற்றி, எத்தனை மில்லி என்று தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதி வையுங்கள். குளிர்காலத்தில் அதிகமாகி வெள்ளையாக இருந்தால் தண்ணீர். நீண்ட தூரம் ஓட்டி ஆயிலைச் சூடேற்றினால் தீரும். கோடையிலும் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே கறுப்பாக இருந்தால் வளையங்கள் தேய்கின்றன என்று பொருள். அப்போது தேவை இன்னும் பெரிய பெட்டி அல்ல, எஞ்சினைப் பிரிப்பதுதான்.